கைக்கு வரும் சம்பளமும் சட்டம் சொல்லும் ஊதியமும்: புதிய தொழிலாளர் சட்டங்களைப் புரிந்துகொள்ள

2025 நவம்பர் 21 அன்று இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, "இனி கைக்கு வரும் சம்பளம் குறையும்". மற்றொன்று, "இனி ஒரே வருடத்தில் எல்லோருக்கும் கிராஜுவிட்டி", அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையப் பிழையும் இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம் ஒரே ஒரு சொல்தான். மாதம் முடிந்ததும் கணக்கில் விழும் மொத்தத் தொகையை நாம் சம்பளம் என்கிறோம். ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி, போனஸ், ஓவர்டைம், பேறுகால உதவி ஆகிய எல்லாவற்றையும் சட்டம் கணக்கிடுவது 'ஊதியம்' என்று அது வரையறுத்து வைத்திருக்கும் வேறொரு தொகையின் மேல். இந்தக் கட்டுரையில் 'சம்பளம்' என்று வரும் இடமெல்லாம் மொத்தத் தொகை, 'ஊதியம்' என்று வரும் இடமெல்லாம் சட்டத்தின் தொகை என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எந்தச் சட்டங்கள், எவற்றின் இடத்தில்

பழைய 29 மத்தியச் சட்டங்களை நான்காகத் தொகுத்திருக்கிறார்கள்.

1. ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019. ஊதியம் வழங்கல் சட்டம் (1936), குறைந்தபட்ச ஊதியச் சட்டம் (1948), போனஸ் சட்டம் (1965), சம ஊதியச் சட்டம் (1976) ஆகிய நான்கும் இதற்குள் வந்துவிட்டன.

2. தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020. தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, தொழில் தகராறு பற்றியது.

3. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020. பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கிராஜுவிட்டி, பேறுகால உதவி உட்பட ஒன்பது பழைய சட்டங்கள் இதில் அடங்கும்.

4. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உட்பட 13 சட்டங்கள்.

தொழிலாளர் நலன் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு, மாநில அரசு இரண்டுமே விதிகள் வகுக்கும். எந்தப் படிவம், எந்த அதிகாரி, எந்தப் பதிவேடு என்பதெல்லாம் விதிகளில்தான் வரும். ஆனால் கீழே சொல்லப்போகும் உரிமைகள் பெரும்பாலும் சட்டத்தின் உடலிலேயே எழுதப்பட்டவை. "விதி இன்னும் வரவில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால், கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேஸிக் ஏன் இவ்வளவு குறைவாக இருந்தது?

தனியார் நிறுவனச் சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் பேஸிக் (அடிப்படைச் சம்பளம்) என்ற வரியில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி எல்லாம் படிகள்: வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, சிறப்புப் படி, இன்னும் பெயர் புரியாத சில படிகள். இது தற்செயலாக நடந்ததில்லை. நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப். பேஸிக், பஞ்சப்படி ஆகியவற்றின் மேல்தான். கிராஜுவிட்டியும் அப்படியே. பேஸிக்கைத் தாழ்த்தி வைத்தால் இரண்டும் தாழ்ந்துவிடும். வேலையில் சேரும் நாளில் தொழிலாளிக்கு இது உறைக்காது, மொத்தத் தொகை ஒன்றுதானே! பத்து வருடம் கழித்து வேலையை விடும்போதுதான் உறைக்கும்.

இதை நீதிமன்றங்கள் கவனிக்காமல் இல்லை. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பி.எஃப். வழக்கில் தெளிவாகச் சொன்னது: எல்லோருக்கும் ஒரே மாதிரி, வழக்கமாகத் தரப்படும் படி எதுவானாலும் அது பி.எஃப். கணக்கில் சேர வேண்டும். அதற்கு வைத்திருக்கும் பெயரை வைத்து ஒதுக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு பி.எஃப். சட்டத்தைப் பற்றியது மட்டும். மற்றச் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஊதியத்துக்குத் தனித்தனி வரையறை இருந்தது. புதிய சட்டத்தொகுப்புகள் செய்திருக்கும் பெரிய மாற்றம், அந்த வரையறையை நான்கிலும் ஒன்றாக்கியதுதான்.

புதிய வரையறை எப்படி வேலை செய்கிறது?

வேலைக்காகத் தரப்படும் எல்லாத் தொகையும் ஊதியம் என்று தொடங்குகிறது வரையறை. பேஸிக், பஞ்சப்படி, வேலையில்லாத பருவத்தில் ஆளைத் தக்கவைக்கத் தரும் படி ஆகிய மூன்றும் கட்டாயம் உள்ளே. அப்புறம் ஒரு விலக்குப் பட்டியல் வருகிறது. அதில் முக்கியமானவை:

1. சட்டப்படி தரப்படும் போனஸ்
2. நிறுவனம் கட்டும் பி.எஃப்., ஓய்வூதியப் பங்கு
3. போக்குவரத்துப் படி
4. வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவுகளுக்காகத் தரும் தொகை
5. வீட்டு வாடகைப் படி
6. ஓவர்டைம் பணம்
7. கமிஷன்

இந்த வகை விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மறுபடியும் ஊதியத்தில் சேர்ந்துவிடும். இதைத்தான் '50% விதி' என்கிறார்கள்.

பலரும் தவறாகச் சொல்லும் ஒன்றை இங்கே நேராக்கிவிட வேண்டும். பேஸிக்கைப் பாதியாக உயர்த்து என்று சட்டம் நிறுவனத்துக்கு உத்தரவு போடவில்லை. சீட்டில் பேஸிக் 30% என்றே இருக்கலாம். ஆனால் கணக்குப் போடும்போது அந்த 30%ஐ வைத்துப் போட முடியாது. அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரின் மாதச் சம்பளம் ₹40,000. பேஸிக் ₹15,000, வாடகைப் படி ₹10,000, போக்குவரத்துப் படி ₹6,000, களப்பணிச் செலவுப் படி ₹9,000. எளிமைக்காக மற்றவற்றை விட்டுவிடுவோம். விலக்குகள் மொத்தம் ₹25,000. சம்பளத்தில் பாதி ₹20,000. தாண்டியது ₹5,000. ஆக இவருடைய ஊதியம் ₹15,000 இல்லை, ₹20,000.

'சிறப்புப் படி' என்ற பெயர் விலக்குப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். செலவை ஈடுகட்டத் தரும் தொகை என்றுதான் இருக்கிறது. எந்தச் செலவோடும் தொடர்பில்லாமல் மாதாமாதம் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்துவிட்டு அதற்குச் சிறப்புப் படி என்று பெயரிட்டால், அது விலக்குக்குள் வராது என்று வாதாட சட்டத்தின் சொற்களே இடம் தருகின்றன. 2019 தீர்ப்பின் தர்க்கமும் அதே பக்கம்தான் நிற்கிறது. வரும் ஆண்டுகளில் வழக்குகள் அதிகம் எழப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

அப்படியானால் கைக்கு வருவது குறையுமா?

மூன்று நிலைகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று பாருங்கள்.

முதல் நிலை: உச்சவரம்பின்படி பி.எஃப். பிடிப்பவர்கள். பி.எஃப். கட்டாயமாகும் உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் மாதம் ₹15,000. அதற்கு மேல் எவ்வளவு ஊதியம் இருந்தாலும் ₹15,000க்கு 12%, அதாவது ₹1,800 மட்டும் பிடித்தால் சட்டப்படி போதும். மேலே சொன்ன விற்பனைப் பிரிவுக்காரருக்கு முன்பும் ₹1,800, இப்போதும் ₹1,800. கைக்கு வருவதில் ஒரு ரூபாயும் குறையாது.

இரண்டாம் நிலை: உச்சவரம்பைப் பார்க்காமல் முழு ஊதியத்துக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனங்கள். அங்கே இவருடைய பிடித்தம் ₹1,800லிருந்து ₹2,400 ஆகும். நிறுவனத்தின் பங்கும் அதே அளவு ஏறும். இங்கேதான் சி.டி.சி. என்ற கணக்கு உள்ளே வருகிறது. நிறுவனத்தின் பங்கையும் 'உனக்காக நாங்கள் செய்யும் மொத்தச் செலவு' என்று சி.டி.சி.க்குள் அடக்கியிருந்தால், ஏறிய அந்த ₹600ஐயும் ஏதாவது ஒரு படியிலிருந்து குறைப்பார்கள். ஆக மொத்தம் ₹1,200 வரை கையில் குறையலாம். அந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை, உங்கள் பி.எஃப். கணக்கில் இருக்கிறது. இருந்தாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இந்த மாதமே கட்ட வேண்டியவை என்பதால் மாதாந்திரப் பட்ஜெட்டில் இது ஒரு அடிதான்.

மூன்றாம் நிலை: குறைந்த சம்பளக்காரர்கள். பத்திரிகைகள் அதிகம் பேசாத நிலை இது, என் பார்வையில் முக்கியமான நிலையும் இதுவே. மொத்தம் ₹20,000 வாங்குபவருக்கு பேஸிக் ₹8,000, மீதி ₹12,000 விலக்குப் பட்டியலில் உள்ள படிகள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை ₹8,000க்கு ₹960 பி.எஃப். இனி ஊதியம் ₹10,000, பிடித்தம் ₹1,200. கையில் ₹240 குறையும். ஆனால் நிறுவனமும் தன் பங்குக்கு ₹240 கூடுதலாகக் கட்ட வேண்டும். உச்சவரம்புக்குக் கீழே இருப்பதால் இதைத் தவிர்க்க நிறுவனத்துக்கு வழியில்லை. நிறுவனப் பங்கில் 8.33% ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஊதியம் ஏறினால் பின்னாளில் வரும் ஓய்வூதியத்தின் அடித்தளமும் ஏறும்.

நிறுவனத்தின் கூடுதல் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடித்தால் என்ன செய்வது? நிறுவனம் கட்ட வேண்டிய பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து கழிக்கக் கூடாது. சி.டி.சி. பேசி முடிவு செய்திருக்கும் உயர் சம்பளக்காரர்களிடம் படிகளை மாற்றி அமைத்து இதைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் மாத வேலைக்காரரின் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இரண்டு முறை வந்தால் அது நேரடியான விதிமீறல்.

கிராஜுவிட்டி: உண்மையான மாற்றம் இங்கேதான்

கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாத ஊதியம் × 15 ÷ 26 × பணியாண்டுகள். ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் உதிரிக் காலம் ஒரு வருடமாகக் கணக்காகும். சட்டப்படியான உச்சவரம்பு ₹20 லட்சம்.

நம் விற்பனைப் பிரிவுக்காரர் பத்தாண்டு முடித்து வெளியேறுகிறார். பழைய முறையில் ₹15,000ஐ வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ ₹86,500. ₹20,000ஐ வைத்தால் ஏறத்தாழ ₹1,15,400. கிட்டத்தட்ட ₹29,000 வித்தியாசம். கடைசி ஊதியத்தை வைத்தே மொத்தப் பணிக்காலத்துக்கும் கணக்குப் போடுவதால், புதிய வரையறை பழைய ஆண்டுகளுக்கும் பலன் தருகிறது. 15, 20 ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை.

சரி, ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி என்பது? நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. மரணம், ஊனம் ஆகியவற்றுக்கு அந்த நிபந்தனை முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. புதிதாகச் சலுகை பெறுபவர்கள் 'குறித்த காலப் பணியாளர்கள்'. அதாவது, நிறுவனமே நேரடியாக எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, இத்தனை காலத்துக்கு என்று வேலைக்கு எடுத்தவர்கள். அவர்கள் ஓராண்டு முடித்தால் பணிக்காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் கிராஜுவிட்டி உண்டு. அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளருக்குக் குறையாத ஊதியமும் வேலை நேரமும் அவர்களுக்குத் தர வேண்டும்.

கான்ட்ராக்டர் மூலம் வருபவர்களை நாம் பேச்சு வழக்கில் 'கான்ட்ராக்ட் ஆள்' என்கிறோம். அவர்கள் வேறு, குறித்த காலப் பணியாளர் வேறு. கான்ட்ராக்ட் ஆளுக்கு முதலாளி கான்ட்ராக்டர்தான். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒரே வரையறை எல்லோருக்கும் நல்லதா?

இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பழைய பேறுகால உதவிச் சட்டத்தில் ஊதியம் என்றால் வாடகைப் படி உட்பட ரொக்கமாக வரும் எல்லாப் படிகளும் சேரும். 26 வார விடுப்பில் அந்தப் பெண்ணுக்கு முழுச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகை கிடைத்தது. புதிய வரையறையில் வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் வெளியே. பேறுகால உதவி அந்தக் குறுகிய ஊதியத்தின் மேல் கணக்கிடப்பட்டால், பாதிச் சம்பளம் வரைகூட இறங்க வழியிருக்கிறது.

ஓவர்டைமிலும் இதே சிக்கல். தொழிற்சாலைகள் சட்டத்தில் ஓவர்டைமுக்கு அடிப்படையாக இருந்தது பேஸிக்கோடு தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்த தொகை. போனஸும் ஓவர்டைமும் மட்டும்தான் அதில் சேராது. இப்போதும் இரட்டிப்பு விகிதம் உண்டு. ஆனால் எதை இரட்டிப்பது என்பதில் படிகள் கழன்றுபோகலாம். தொழிற்சங்கங்கள் எழுப்பும் எதிர்ப்புகளில் ஆட்குறைப்பு பற்றியதுதான் அதிகம் பேசப்படுகிறது. இந்தக் கணக்கும் அதே அளவு பேசப்பட வேண்டியது.

நிறுவனங்கள் முன்பு தந்ததைக் குறைக்கக் கூடாது என்று பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஏற்கெனவே கூடுதலாகத் தரும் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள், அது நியமனக் கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ எழுத்தில் இருக்கிறதா என்று உடனே பார்த்துக்கொள்வது நல்லது.

வரையறையிலேயே ஒரு நல்ல விதிவிலக்கும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் மாற்றுப் பாலினத்தவருக்கும் சம ஊதியம் தரப்படுகிறதா என்று பார்க்கும்போது வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம் ஆகியவையும் ஊதியமாகவே கொள்ளப்படும். பேஸிக் சமம் என்று காட்டிவிட்டுப் படிகளில் பாகுபாடு செய்ய முடியாது.

குறைந்தபட்ச ஊதியம்: பட்டியல் போய்விட்டது

1948 சட்டத்தின் கீழ் அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியம் இருந்தது. பட்டியலில் இல்லாத வேலை என்றால் கேட்க வழியில்லை. ஊதியச் சட்டத்தொகுப்பு எல்லா வேலைகளுக்கும் அதைப் பொதுவாக்கிவிட்டது. கூடவே மத்திய அரசு ஒரு 'தரைமட்ட ஊதியம்' நிர்ணயிக்கும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே போக முடியாது. முன்பும் தேசியத் தரைமட்டம் என்று ஒன்று இருந்தது. 2017இல் அது நாளொன்றுக்கு ₹176. ஆனால் அதற்குச் சட்டபலம் கிடையாது, மாநிலங்கள் மதிக்காமல் விட்டாலும் கேள்வி இல்லை. இனி சட்டபலம் உண்டு. அந்தத் தொகையை எவ்வளவு நியாயமாக நிர்ணயிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சம்பள நாள், பிடித்தம், அபராதம்

அன்றாடம் அதிகம் மீறப்படும் விதிகள் இவை. கடையோ ஐ.டி. நிறுவனமோ, எல்லோருக்கும் பொருந்தும். முன்பு ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் ₹24,000 வரை வாங்குபவர்களுக்கு மட்டும்தான். அந்த வரம்பு இப்போது இல்லை.

1. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். தினக்கூலி என்றால் அன்றைய ஷிப்ட் முடியும்போது. வாரச் சம்பளம் என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில், விடுமுறைக்கு முன்பு.

2. ராஜினாமா செய்தாலும், வேலையை விட்டு நீக்கினாலும், பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். '45 நாளில் ஃபுல் அண்ட் ஃபைனல்' (இறுதிக் கணக்கு முடிப்பு) என்று நிறுவனங்கள் சொல்லிப் பழகியிருப்பது இதற்கு எதிரானது. இந்த இரண்டு நாள் கெடு ஊதியத்துக்குத்தான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு, பி.எஃப். பணத்தை எடுப்பது தனி நடைமுறை.

3. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

4. வேலைக்கு வராத நேரத்துக்குப் பிடிக்கலாம், ஆனால் வராத நேரத்தின் அளவுக்குத்தான். பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டுவது இந்த விகிதக் கணக்கைத் தாண்டுகிறது. அதைத் தாமதப் பிடித்தம் என்ற பெயரில் செய்ய முடியாது.

5. அதை அபராதம் என்று சொல்லிப் பிடிப்பதானால், அதற்குத் தனி நிபந்தனைகள். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி அறிவித்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒரு மாத ஊதியத்தில் 3%க்கு மேல் அபராதம் கூடாது. தவணையாகப் பிடிக்கவும் கூடாது, 90 நாள் கடந்தால் பிடிக்கவே கூடாது.

6. சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். நியமனக் கடிதமும் கட்டாயம்.

ஆறாவது சாதாரணமாகத் தெரியும். ஆனால் மற்ற ஐந்தும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஜவுளிக்கடையிலும் உணவகத்திலும் சின்னப் பட்டறையிலும் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். பேஸிக் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று காகிதமே இல்லாதவரிடம் 50% விதியைப் பேசிப் பயனில்லை.

வேலை நேரம், விடுப்பு

நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது தொடர்கிறது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். சம்பளத்தோடு விடுப்புக்கான தகுதி முன்பு ஓராண்டில் 240 நாள் வேலை; இப்போது 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. பெண்கள் இரவு 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன் வேலை செய்யலாம், ஆனால் அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இருந்தால் மட்டும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஊதியச் சட்டத்தொகுப்பு பேசுவது பெரும்பாலும் 'பணியாளர்' பற்றி. அதில் மேலாளரும் அடக்கம். வேலை நேரம், ஓவர்டைம், ஆட்குறைப்பு இழப்பீடு போன்றவை 'தொழிலாளர்' என்ற குறுகிய வகைக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் ₹18,000க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அந்த வகைக்குள் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் 'எக்ஸிகியூட்டிவ்' என்றோ 'டீம் லீட்' என்றோ இருப்பதால் மட்டும் ஒருவர் வெளியே போய்விடமாட்டார். உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன.

உணவு, பொருட்களைக் கொண்டுவந்து தரும் செயலித் தொழிலாளர்கள் இந்த இரண்டு வகையிலும் இல்லை. அவர்களுக்கு நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2% வரை ஒரு சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போக வேண்டும் என்கிறது சட்டம். குறைந்தபட்ச ஊதியமோ ஓவர்டைமோ அவர்களுக்கு இதனால் வந்துவிடவில்லை.

ஆட்குறைப்பு

300 பேருக்குக் குறைவாக இருக்கும் தொழிற்சாலைகள் ஆட்குறைப்புக்கோ மூடலுக்கோ அரசின் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. முன்பு இந்த எல்லை 100. தொழிலாளர் பக்கத்துக்கு இது தெளிவான இழப்பு. அனுமதி வேண்டாம் என்பதால் இழப்பீடும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஓராண்டு பணி முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான ஊதியம், ஒவ்வொரு பணியாண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். இதற்கு மேல், மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பது புதியது.

தரவில்லை என்றால்?

முதலில் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும். எந்த மாதம், எவ்வளவு, ஏன் என்று மூன்றே வரி. பி.எஃப். பிடித்துக் கட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்தாலே தெரியும். அதற்குப் புகார் பி.எஃப். அலுவலகத்துக்கு. ஊதியப் பாக்கி, குறைந்தபட்ச ஊதியம், போனஸ், முறையற்ற பிடித்தம் ஆகியவற்றுக்கு மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரயில்வே, வங்கி, சுரங்கம் போன்ற மத்திய வரம்பு நிறுவனங்களுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்காகத் தொழிற்சங்கமும் மனுப் போடலாம்.

இந்த மனுக்களில் தொழிலாளிக்குச் சாதகமான மூன்று விஷயங்கள் சட்டத்தில் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை.

1. பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. வாங்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

2. பாக்கித் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல அவர் முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

3. கான்ட்ராக்டர் கொடுக்காமல் ஓடிவிட்டால், எந்த நிறுவனத்தில் வேலை நடந்ததோ அந்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். "நீ எங்கள் ஆள் இல்லை" என்று வாசலில் சொல்லும் பதில் ஊதியப் பாக்கிக்குச் செல்லாது.

மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம். 2026 மார்ச் மாத ஊதியம் ஏப்ரல் 7க்குள் வரவில்லை என்றால், அதற்கான கெடு 2029 ஏப்ரலில் முடியும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் கெடு தனித்தனியாக ஓடும். நான்கு வருடமாக ஓவர்டைம் தராத நிறுவனத்தின் மேல் இன்று மனுப் போட்டால் முதல் வருடக் கணக்கு கைநழுவிப் போகும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மட்டும் அதிகாரி அதையும் ஏற்கலாம்.